கோணம் பொறுக்கும், காற்று பொறுக்காது

சோலார் பேனல் பொருத்த வருகிறவர் வீட்டு மாடியில் ஏறியதும் முதலில் கேட்பது "தெற்கு எந்தப் பக்கம்?" என்றுதான். பேனலைத் தெற்குப் பார்த்துச் சாய்க்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் பாலபாடம். டெல்லியில் அது ஆண்டு முழுக்கச் சரி. அங்கே நண்பகல் சூரியன் ஒருநாளும் தலைக்கு வடக்கே போவதில்லை. புதுக்கோட்டையில் அந்தப் பாடம் எட்டு மாதத்துக்குத்தான் செல்லும். பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 10.4 டிகிரியில் இருக்கும் ஊர் இது. சித்திரை பிறந்த மூன்று நான்கு நாளில், ஏப்ரல் 17 வாக்கில், நண்பகல் சூரியன் இங்கே சரியாக உச்சந்தலைக்கு மேல் நிற்கிறது. நட்டு வைத்த கம்பியின் நிழல் அதன் காலடியிலேயே ஒடுங்கிவிடும். அதன் பிறகு சூரியன் வடக்கே நகர்ந்து, ஆகஸ்ட் 26 வாக்கில்தான் மறுபடி உச்சிக்குத் திரும்புகிறது. இடைப்பட்ட நாலு மாதமும் தெற்குப் பார்த்த பேனலுக்கு நண்பகல் வெயில் முதுகுப் பக்கத்திலிருந்து வருகிறது.

பேனலை எந்தப் பக்கம் சாய்ப்பது, அப்படியானால்? உண்மையில் பெரிதாகச் சாய்க்கவே வேண்டியதில்லை. ஜூன் மாதக் கடைசியில் நண்பகல் சூரியன் உச்சியிலிருந்து வடக்கே 13 டிகிரி, டிசம்பர் கடைசியில் தெற்கே 34 டிகிரி. இதற்கு மேல் அது எந்தப் பக்கமும் போவதில்லை. மழைத் தண்ணீரும் தூசியும் வழிந்து ஓடுகிற அளவுக்குப் பத்து டிகிரி சாய்வு வைத்தால் வடக்கு தெற்கு வழக்கு அதோடு தீர்ந்தது. பேனலின் பெரிய நஷ்டம் வேறு திசையில் நடக்கிறது. கிழக்கிலிருந்து மேற்கு வரை சூரியன் ஒவ்வொரு நாளும் போடுகிற நடை இருக்கிறதே, அங்கே. சூரியனோடு சேர்ந்து பேனலையும் திருப்ப வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள், வீட்டிலேயே டிராக்கர் செய்து பார்க்கிறவர்கள், குறி வைப்பது அந்த நஷ்டத்தைத்தான்.

அந்த நஷ்டத்தின் அளவைப் பள்ளிக்கூடத்துக் கொசைன் சொல்லிவிடும். வெயில் பேனலின் மேல் நேராக விழுந்தால் முழுப் பங்கு கிடைக்கும். பத்து டிகிரி சரிந்து விழுந்தால் குறைவது ஒன்றரை சதவீதம்தான். இருபது டிகிரியில் ஆறு சதவீதம், முப்பதில் பதின்மூன்று. நாற்பத்தைந்தில் இருபத்தொன்பதாகி, அறுபதில் பாதியே போய்விடுகிறது. இந்த வரிசையைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் தவறு கிட்டத்தட்ட இலவசம். பத்துப் பதினைந்து டிகிரி பிசகினால் மீட்டரில்கூடத் தெரியாது. பிசகு பெரிதாகப் பெரிதாகத்தான் அபராதம் ஏறுகிறது. வீட்டுப் பட்டறையில் டிராக்கர் செய்கிறவனுக்கு இயற்கை காட்டும் மிகப் பெரிய சலுகை இதுதான். ஆனால் இதைக் கவனிக்காமல், கால் டிகிரி துல்லியத்துக்காகப் பணத்தையும் தூக்கத்தையும் செலவிடுகிறவர்கள்தான் அதிகம்.

சூரியன் ஒரு மணி நேரத்துக்குப் பதினைந்து டிகிரி நகர்கிறது; நாலு நிமிடத்துக்கு ஒரு டிகிரி. நண்பகலுக்கு நாலரை மணி நேரம் முன்னும் பின்னுமாக ஒன்பது மணி நேரத்தை எடுத்துக்கொள்வோம். வெயிலின் காரம் அந்த நேரம் முழுக்க ஒரே மாதிரி இருப்பதாக வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், மட்டமாகக் கிடக்கும் பேனலுக்கு, சூரியனை விடாமல் பார்த்துக்கொண்டிருக்கும் பேனலின் வரும்படியில் 78 சதவீதம் கிடைக்கிறது. விடியலிலிருந்து அந்தி வரை காற்று மண்டலமே இல்லை என்று எண்ணிக் கணக்கிட்டால், திரும்பும் பேனலின் லாபம் 57 சதவீதம் வரை போகும். ஆனால் நமக்குக் காற்று மண்டலம் உண்டு. சூரியன் அடிவானத்துக்கு மேலே முப்பது டிகிரியில் இருக்கும்போது அதன் ஒளி, உச்சியில் இருக்கும்போது கடப்பதைப்போல் இரண்டு மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. பத்து டிகிரியில் ஐந்தரை மடங்கு. காலையும் மாலையும் வெயில் இளைத்துப்போவதற்கு அதுவே காரணம். அதனால் நடைமுறையில் டிராக்கரின் லாபம் இருபதிலிருந்து முப்பது சதவீதத்துக்குள் நிற்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் அதுவும் இல்லை. வானம் மூடிக் கிடக்கும்போது ஒளி எல்லாப் பக்கத்திலிருந்தும் வருகிறது. அப்போது மல்லாந்து முழு வானத்தையும் பார்க்கும் பேனல்தான் புத்திசாலி.

இனி இந்த ஊரின் அதிர்ஷ்டத்துக்கு வருவோம். ஐரோப்பியர்கள் செய்து காட்டும் டிராக்கர்களில் பல, பெரிய சுழல்மேடை ஒன்றின் மேல் நிற்கும். காரணம் இருக்கிறது. பெர்லின் நகரில் சூரியன் தாழ்வாக அடிவானத்தைச் சுற்றிக்கொண்டு போகிறது. அதைப் பின்தொடரப் பேனலும் தரைக்கு இணையாகச் சுற்ற வேண்டும். அதே வரைபடத்தைப் பார்த்துப் புதுக்கோட்டையில் செய்தால் சித்திரை மாதத்தில் வேடிக்கை நடக்கும். காலை முழுக்கச் சூரியன் ஏறத்தாழ நேர் கிழக்கிலேயே இருந்துகொண்டு மேலே ஏறும். உச்சியைத் தொட்டுத் தாண்டியதும் நேர் மேற்குக்குப் போய்விடும். காலை முழுக்கச் சும்மா இருந்த சுழல்மேடை நண்பகலில் ஒரு சில நிமிடத்துக்குள் 180 டிகிரி சுற்ற வேண்டும். மோட்டார் திணறும், இல்லையென்றால் கம்பிகள் முறுக்கிக்கொள்ளும்.

நமக்கு வேண்டியது சுழல்மேடையே இல்லை, ஒரு கீல். வடக்கு தெற்காக ஓர் இரும்புக் குழாயைக் கிடத்தி, அதன் மேல் பேனலை வைத்துக் கிழக்கிலிருந்து மேற்காகக் கவிழ்த்தால் வேலை முடிந்தது. குழாயின் வடக்கு முனையை மட்டும் கொஞ்சம் உயர்த்தினால் கணக்கு இன்னும் அழகாகிவிடும். எவ்வளவு உயர்த்துவது? 10.4 டிகிரி, இரண்டு மீட்டர் குழாய்க்கு 36 சென்டிமீட்டர். அப்படி உயர்த்தியதும் அந்தக் குழாய் வானத்தின் வட துருவத்தைப் பார்த்து நிற்கும். பூமி எந்த அச்சில் சுழல்கிறதோ அதற்கு இணையான அச்சு அது. பூமி கிழக்கே சுழலும் அதே வேகத்தில் பேனலை மேற்கே சுழற்றினால், பேனலைப் பொறுத்தவரை பூமி நின்றுவிட்டது என்றே பொருள். வானியல் தொலைநோக்கிகள் பல இந்த முறையில்தான் விண்மீன்களைப் பின்தொடர்கின்றன. டெல்லியில் இந்த அச்சை 28 டிகிரிக்கு மேல் தூக்கி நிறுத்த வேண்டும், வடக்குக் கால் உயரமாகிக் காற்றுக்கு இரையாகும். இங்கே அது கிட்டத்தட்டத் தரையோடு படுத்துக் கிடக்கிறது.

கோடை, குளிர் என்று சூரியன் வடக்கும் தெற்குமாக 23.4 டிகிரி ஊசலாடுகிறதே, அதற்கு இரண்டாவது அச்சு வேண்டாமா என்று கேட்கலாம். துருவத்தைப் பார்த்த அச்சில் அந்த ஊசலாட்டம் முழுவதையும் கண்டுகொள்ளாமல் விட்டால், மிக மோசமான நாளில், அதாவது ஜூன் கடைசியிலும் டிசம்பர் கடைசியிலும், எட்டு சதவீதம் போகும். ஆண்டு சராசரியில் சுமார் நாலு சதவீதம். அந்த நாலுக்காக இன்னொரு மோட்டார், இன்னொரு பேரிங், பழுதாக இன்னும் பத்து இடம். என்னைக் கேட்டால், இந்த மாவட்டத்தில் இரட்டை அச்சு டிராக்கர் என்பது பொறியியல் கல்லூரி மாணவர்களின் இறுதியாண்டு புராஜெக்டுக்கு மட்டும் பொருத்தமானது.

அடுத்த கேள்வி இன்னும் சுவையானது. ஒரு கீல் போதும் என்றால், அதை எத்தனை தடவை திருப்ப வேண்டும்? விடாமல் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும் என்றுதான் மனசு சொல்லும். கணக்கு வேறு விதமாகச் சொல்கிறது. பேனலுக்கு மூன்றே நிலைகள் வைப்போம்: காலையில் கிழக்கே 45 டிகிரி சாய்வு, நண்பகலில் நிமிர்ந்த நிலை, பிற்பகலில் மேற்கே 45 டிகிரி. ஒவ்வொரு நிலையும் மூன்று மணி நேரம் தாங்கும். எந்த நேரத்திலும் பிசகு 22.5 டிகிரியைத் தாண்டாது. மேலே சொன்ன ஒன்பது மணி நேரத்தில் இந்த மூன்று நிலைப் பேனல், துளியும் பிசகாத டிராக்கரின் வரும்படியில் 97 சதவீதத்துக்கு மேல் எடுத்துவிடுகிறது. இரண்டே நிலை வைத்து, அதாவது காலையில் கிழக்கே 34 டிகிரி, உச்சிப் பொழுது தாண்டியதும் மேற்கே 34 டிகிரி என்று ஒரே ஒரு தடவை கவிழ்த்தாலும் 94 சதவீதம். மோட்டாரும் சர்க்யூட்டும் விடியலிலிருந்து உழைப்பது மிச்சமிருக்கும் சொற்பத்துக்காகத்தான்.

இதை அரசாங்கமும் அறிந்தே வைத்திருக்கிறது. மத்திய புதிய மற்றும் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் அமைச்சகம் சோலார் பம்புகளுக்கு வகுத்த தர வரையறையில், ஒரு வாட் பேனலுக்கு நாளொன்றுக்கு இத்தனை லிட்டர் தண்ணீர் வர வேண்டும் என்று அட்டவணை போட்டிருக்கிறார்கள். அந்த அளவு தெளிந்த வெயில் நாளில், பேனலின் மேல் சதுர மீட்டருக்கு 7.15 யூனிட் வெயில் விழும்போது, பேனலை நாளைக்கு மூன்று முறை திருப்பிவைத்தால் கிடைப்பது என்று அதிலேயே குறிப்பிடப்பட்டிருக்கிறது. திருப்பாமல் வைத்துவிட்டு "சொன்ன தண்ணீர் வரவில்லையே" என்று கம்பெனிக்காரரிடம் சண்டை பிடிப்பதில் நியாயம் பாதிதான்.

கையால் திருப்புவதற்கு நம் நாட்டில் நெடிய பரம்பரை உண்டு. 1870களில் பம்பாயில் வில்லியம் ஆடம்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி, சின்னச் சின்னச் சமதளக் கண்ணாடிகளைச் சட்டத்தில் வரிசையாகப் பொருத்தி, அவற்றின் வெயில் முழுவதையும் ஒரு கொதிகலன் மேல் விழச் செய்தார். அந்தச் சட்டம் அரைவட்டத் தண்டவாளம் ஒன்றின் மேல் நின்றது. சூரியன் நகர நகர ஓர் ஆள் அதைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். அதில் பிறந்த நீராவி இரண்டரைக் குதிரைத்திறன் எஞ்சின் ஒன்றை ஓட்டியது. 1878இல் ஆடம்ஸ் இதைப் பற்றிப் புத்தகமே எழுதினார். இந்த நாட்டின் ஆரம்பகால டிராக்கர்களில் ஒன்று, பெயர் பதிவாகாத ஒரு கூலித் தொழிலாளிதான். 1913இல் அமெரிக்கரான ஃபிராங்க் ஷூமன், எகிப்தில் கெய்ரோவுக்குத் தெற்கே மாடி என்ற ஊரில், 60 மீட்டருக்கு மேல் நீளமான ஐந்து கண்ணாடித் தொட்டிகளை வடக்கு தெற்காகக் கிடத்தினார். அவை இயந்திர விசையால் தாமாகவே கிழக்கிலிருந்து மேற்காகத் திரும்பின. அந்த வெப்பத்தில் ஓடிய எஞ்சின் நைல் நதித் தண்ணீரை நிமிடத்துக்கு இருபதாயிரம் லிட்டருக்கு மேல் வயலுக்கு இறைத்தது. ஒற்றை அச்சு டிராக்கர், வெயில், பாசனம்: மூன்றும் நூறு ஆண்டுக்கு முன்பே ஒன்றாகச் சேர்ந்தாயிற்று. அடுத்த ஆண்டு உலகப் போர் மூண்டதும் அந்த முயற்சி அணைந்துபோனது.

தமிழ்நாட்டில் இந்தச் சேர்க்கை பரவலானது வேளாண்மைப் பொறியியல் துறையால். 2013-14 முதல் ஐந்து குதிரைத்திறன் சோலார் பம்புசெட்டுகளைத் தானாகத் திரும்பும் டிராக்கரோடு 80 சதவீத மானியத்தில் அந்தத் துறை கொடுக்கத் தொடங்கியது. இலவச மின்சாரம் இருக்கும் மாநிலத்தில் இதற்கு என்ன தேவை என்று வெளியூர்க்காரர் கேட்கலாம். மின் இணைப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் விவசாயியிடம் கேட்டால் பதில் கிடைக்கும்.

பம்புக்கும் டிராக்கருக்கும் உள்ள உறவு, வீட்டு விளக்குக்கும் டிராக்கருக்கும் உள்ளதைப் போன்றதல்ல. புதுக்கோட்டை மாவட்டத்தில் அதைச் சொல்லியே ஆக வேண்டும். மேற்கே விராலிமலை, இலுப்பூர்ப் பக்கம் கடும்பாறை. பாறை வெடிப்பில் ஊறும் தண்ணீரை நம்பிய போர்கள். கிழக்கே ஆலங்குடி, கீரமங்கலம், அறந்தாங்கிப் பக்கம் படிவு மண். தென்னைக்கும் பூவுக்கும் பல நூறு அடி இறங்கிய போர்கள். ஆழத்திலிருந்து இறைக்கிற மோட்டாருக்கு ஒரு குணம் உண்டு. கொஞ்சம் கரண்டு கொடுத்தால் கொஞ்சம் தண்ணீர் தரும் என்று நினைத்துவிடக் கூடாது. முழு வேகத்தில் 100 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரைத் தள்ள வல்ல ஒரு மோட்டார் இருக்கிறது, தண்ணீர் 70 மீட்டர் கீழே நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். தள்ளும் உயரம், வேகத்தின் இருமடிக்குத் தக்கபடி ஏறும். எனவே 84 சதவீத வேகம் வந்தால்தான் முதல் சொட்டு மேலே எட்டிப் பார்க்கும். மோட்டார் கேட்கும் மின்திறனோ வேகத்தின் மும்மடிக்குத் தக்கபடி ஏறுகிறது. ஆக, முழுத் திறனில் சுமார் 60 சதவீதம் கிடைக்கும் வரை மோட்டார் சுற்றும், சத்தமும் வரும், குழாயில் காற்றைத் தவிர ஒன்றும் வராது.

அசையாத பேனல் காலை எட்டரை மணிக்குத் தயாரிக்கும் மின்சாரம் பெரும்பாலும் இந்த 60 சதவீத வாசலுக்கு வெளியே நின்றுவிடுகிறது. அது வீணான மின்சாரம். அதே நேரத்தில் கிழக்கே முகம் திருப்பிய பேனல் வாசலைத் தாண்டிவிடும். எனவே மின்சாரக் கணக்கில் இருபத்தைந்து சதவீதமாகத் தெரியும் லாபம் தண்ணீர்க் கணக்கில் அதைவிடக் கூடுதலாகத் தெரியும். போர் ஆழமாக ஆக இந்த வித்தியாசமும் கூடும். இன்னொரு சின்ன லாபமும் சேரும். பேனல் சூடேறினால் திறன் இறங்கும்; 25 டிகிரியில் அளந்து ஒட்டிய வாட் கணக்கு, சித்திரை நடுப்பகலில் 65 டிகிரி சூட்டில் ஏறத்தாழ 15 சதவீதம் குறைந்துவிடுகிறது. காலை வெயில் மெலிந்தது என்றாலும் பேனல் குளிர்ந்திருக்கும். கிழக்கே திருப்பியவனுக்கு அந்தக் குளிர்ச்சியும் கூலி.

சரி, செய்யும் முறை. ஒரு கிராமத்து வெல்டிங் பட்டறையில் கிடைக்காத பொருள் எதுவும் இதற்குத் தேவையில்லை. ஒன்றிரண்டு பேனலுக்கு இரண்டு அங்குல ஜி.ஐ. குழாய், இரண்டு முனையிலும் பேரிங், குழாயின் மேல் ஆங்கிளால் ஒரு சட்டம், அதில் கிளாம்பு போட்டுப் பிடித்த பேனல்கள். பேனலின் அலுமினியச் சட்டத்தில் புதிதாகத் துளை போட்டால் கம்பெனியின் உத்தரவாதம் போய்விடும், கிளாம்பே நல்லது. இதில் கவனம் வைக்க வேண்டிய இடம் எடைச் சமன். நல்ல துலாவில் தண்ணீர்ச் சால் ஒரு பக்கம், கல் ஒரு பக்கம் என்று எடை சமமாக இருந்தால் சிறுவன்கூட இறைத்துவிடுவான். பேனலும் அதேபோல் அச்சின் இரு பக்கமும் சமமாக நின்றால் இருபத்தைந்து கிலோவை இரண்டு விரலால் திருப்பலாம். சமன் இல்லாவிட்டால் மோட்டார் தினமும் அந்த எடையைத் தூக்கி இறக்கியே செத்துப்போகும்.

திருப்புவதற்கு மோட்டார் வைப்பதானால், பழைய கேபிள் டிவிக் காலத்துப் பெரிய டிஷ் ஆன்டெனாக்களை நகர்த்திய ஜாக் எங்காவது காயலான் கடையில் கிடைத்தால் விடக் கூடாது. அதற்குள் இருப்பது மரை போட்ட தண்டு. மோட்டார் சுற்றினால் தண்டு நீளும். ஆனால் தண்டை வெளியிலிருந்து எவ்வளவு தள்ளினாலும் மோட்டார் பின்னோக்கிச் சுற்றாது. கரண்டை நிறுத்தினாலும் நின்ற இடத்தில் பூட்டிக்கொள்ளும் இந்தக் குணம்தான் காற்றை எதிர்க்கும் முதல் காவல். லாரி வைப்பர் மோட்டாருக்குள்ளும் புழுப் பல்சக்கரம் இருப்பதால் அதுவும் ஓரளவுக்கு அப்படியே பூட்டிக்கொள்ளும். சைக்கிள் செயினும் சாதாரண மோட்டாரும் வைத்தவர்கள் முதல் சூறைக்காற்றில் பாடம் படிப்பார்கள்.

மூளைக்கு இரண்டு வழி. ஒளி பட்டால் மின்தடை குறையும் எல்.டி.ஆர். என்ற சின்னச் சில்லு ஒன்று சில ரூபாய்க்குக் கிடைக்கும். இரண்டை அடுத்தடுத்து வைத்து நடுவில் குட்டையாக ஒரு தடுப்பு நிறுத்தினால், சூரியன் ஒருபுறம் விலகியதும் தடுப்பின் நிழல் மறுபுறத்துச் சில்லை மூடும். எந்தப் பக்கம் வெளிச்சம் அதிகமோ அந்தப் பக்கம் மோட்டாரைத் திருப்பு என்று சர்க்யூட் சொல்லும். பார்க்க அற்புதமாக இருக்கும். மேகம் வந்தால்தான் அதன் பேதைமை தெரியும். சூரியனை விட்டுவிட்டு வெளுத்த மேக விளிம்பைத் துரத்தும். மாலையில் மேற்கே பார்த்து உறங்கிவிட்டு, மறுநாள் முதுகுக்குப் பின்னால் சூரியன் ஏறுவதை அறியாமலே கிடக்கும். தோட்டத்துக் காவல் விளக்கைப் போட்டால் இரவில் அதற்கும் வணக்கம் வைக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்று உண்டு: பின்பக்கம் ஒரு சில்லு, இரண்டு பக்க வெளிச்சமும் ஓரளவு ஒத்திருந்தால் அசையாமலிருக்கும் சோம்பல் இடைவெளி, இருட்டினால் நிறுத்தும் சுவிட்ச். மாற்றுகள் சேரச் சேர எளிமை கரைகிறது.

இரண்டாவது வழி கடிகாரம். சூரியன் இந்நேரம் எங்கே இருக்கும் என்பது ரகசியமே இல்லை; அதைத் தேட வேண்டியதில்லை, கணக்குப் பார்த்தாலே போதும். ஒரு ஆர்டுயினோ பலகை, ஒரு கடிகாரச் சில்லு, கால்மணிக்கு ஒருமுறை நாலு டிகிரி. மேகமோ காவல் விளக்கோ அதை ஏமாற்ற முடியாது. இந்த மாவட்டத்தில் நண்பகல் பன்னிரண்டு மணிக்கு வருவதில்லை என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்குச் சொந்தம். புதுக்கோட்டை அதற்கு மேற்கே, 78.8இல் இருக்கிறது. சூரியன் அந்தத் தூரத்தைக் கடந்து வரச் சராசரியாகப் பதினைந்து நிமிடம் பிடிக்கும். எனவே உச்சிப் பொழுது இங்கே 12.15. பூமியின் பாதை நீள்வட்டமாகவும் அச்சு சாய்ந்தும் இருப்பதால் அது பிப்ரவரியில் 12.29 வரை தள்ளிப்போகும், நவம்பர் தொடக்கத்தில் 11.58க்கே வந்துவிடும். அதையெல்லாம் திருத்தவும் வேண்டாம். பதினாறு நிமிடப் பிசகு என்பது நாலு டிகிரி, நாலு டிகிரியின் நஷ்டம் கால் சதவீதம். கையால் மூன்று முறை திருப்புகிறவருக்கும் இதிலிருந்தே நேரம் கிடைக்கிறது: காலை 10.45, பிற்பகல் 1.45, பொழுது சாய்ந்ததும் மறுபடி கிழக்கே.

கரண்டே இல்லாமல் திருப்பும் வழிகளும் உண்டு. கனடாவைச் சேர்ந்த ஈடன் ஃபுல் என்ற பெண் மாணவியாக இருக்கும்போதே ஒன்றை உருவாக்கினார். பேனலின் ஒரு பக்கம் தண்ணீர் நிரப்பிய பாத்திரம், மறுபக்கம் எடை. தண்ணீர் சொட்டுச் சொட்டாக வடிந்து குறையக் குறைய எடை மாறி, பேனல் மெல்லக் கவிழ்கிறது. வடிகிற தண்ணீர் வடிகட்டி வழியே போவதால் மாலையில் குடிநீரும் மிச்சம். கென்யாவில் தொடங்கி வேறு பல நாடுகளுக்கும் அது போனது. சொட்டுநீர்ப் பாசனத்து டிரிப்பர் மூலைக்கு மூலை கிடக்கும் நம் தோப்புகளில் இதை யாரும் செய்து பார்க்கலாம்.

கண்ணாடி வைத்து வெயிலைக் குவிப்பவர்களுக்கு மட்டும் கோணப் பிசகைப் பொறுக்கும் இந்தச் சலுகை கிடையாது. குவியம் ஒரு டிகிரி நகர்ந்தாலும் வெப்பம் பாத்திரத்தை விட்டு வெளியே போய்விடும். ஆரோவில் சோலார் கிச்சன் கூரையில் இருக்கும் 15 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக் கிண்ணம் அந்தச் சிக்கலைத் தலைகீழாக்கித் தீர்த்தது. கிண்ணத்தை அசைக்கவே இல்லை. அதன் குவியம் எங்கெல்லாம் ஓடுகிறதோ அங்கெல்லாம் நீராவிக் குழலை மட்டும் ஒரு நீண்ட கை தூக்கிக்கொண்டு ஓடுகிறது. வோல்ஃப்காங் ஷெஃப்லர் என்பவர், கண்ணாடித் தட்டைத் துருவ அச்சில் கடிகார வேகத்தில் சுழற்றி, குவியத்தை ஓரிடத்தில் நிறுத்தினார். அதையும் உள்ளூர்ப் பட்டறைகளே செய்யும்படி வடிவமைத்தார். அவர்களுக்கெல்லாம் துல்லியம் உயிர். பேனல்காரருக்கு அது ஆடம்பரம்.

பேனல்காரரின் எதிரி காற்று. மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று, தன்னை நேராக எதிர்த்து நிற்கும் ஒரு சதுர மீட்டர்ப் பரப்பின் மேல் கிட்டத்தட்ட 48 கிலோ எடையாக அழுத்தும். வேகம் இரட்டித்தால் அழுத்தம் நாலு மடங்கு. ஒரு பேனலுக்கு இரண்டு சதுர மீட்டர் என்றால் நூறு கிலோ. ஐந்து குதிரைத்திறன் பம்புக்கு வேண்டிய 4,800 வாட்டுக்கு முப்பது சதுர மீட்டர் பிடித்தால் ஒன்றரை டன்னை நெருங்கும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரை கடந்த கஜா புயல், ஆலங்குடி, கீரமங்கலம், அறந்தாங்கிப் பக்கத்தில் தலைமுறை கண்ட தென்னைகளையே வேரோடு சாய்த்தது. ஊருக்கு ஊர் மின்கம்பங்கள் முறிந்து கிடந்தன. இருபது ஆண்டு ஆயுளுள்ள பேனலைத் திருகி நிற்க வைக்கிற எவரும் அந்த இரவை மறந்து அடித்தளம் போட முடியாது.

சாய்ந்து நிற்கும் பேனல்தான் பாய்மரமாகும். மட்டமாகப் படுத்த பேனலின் மேல் காற்று வழுக்கிக்கொண்டு போகும். ஆகவே டிராக்கர் செய்கிறவர் முதலில் யோசிக்க வேண்டியது, அதை எப்படிப் படுக்கவைத்துப் பூட்டுவது என்பதை. இரண்டு பக்கமும் தாங்குகாலில் துளை போட்டு, குறுக்கே ஒரு இரும்பு முளை செருகுகிற ஏற்பாடு போதும். ஜாக்கை நம்பி விடுவது போதாது. ஒற்றைப் புள்ளியில் பிடித்த முப்பது சதுர மீட்டர் முறுக்கித் திரும்பி அந்தப் புள்ளியையே ஒடிக்கும். எல்லாவற்றையும் ஒரே கம்பத்தின் தலையில் ஏற்றுவதைவிட, நாலு பேனலுக்கு ஒரு வரிசையாகத் தாழ்வாகப் பிரித்து வைத்தால் கான்கிரீட்டும் குறையும், பயமும் குறையும். துருவையும் கணக்கில் வைக்க வேண்டும். கோட்டைப்பட்டினம், மணமேல்குடிப் பக்கத்து உப்புக் காற்றில், பெயின்ட் அடித்த சாதா இரும்பு சில மழைக்காலத்தில் உரியத் தொடங்கும். துத்தநாகம் பூசிய குழாயே நிற்கும். அசையும் இடத்தில் வயர் தினமும் மடங்கி நிமிர்வதால் அங்கே தாராளமாக ஒரு வளையம் விட்டு, நெளியும் குழாய்க்குள் செலுத்த வேண்டும். அணில்களுக்கும் அந்த வயர் மேல் ஒரு கண் இருக்கிறது. வரிசையாகக் கோத்த பம்பு பேனல்களில் ஐந்நூறு, அறுநூறு வோல்ட் டி.சி. ஓடும். டி.சி.யில் பிடித்த தீப்பொறி தானாக அணையாது. இரும்பு வேலையை வீட்டில் செய்யலாம், அந்த இணைப்பை மட்டும் தெரிந்தவர் கையில் விட வேண்டும்.

இவ்வளவும் செய்து முடித்த பின் ஒரு சங்கடமான கேள்வி எழும். 1970களின் பின்பாதியில் ஒரு வாட் பேனலின் விலை இன்றைய மதிப்பில் எழுபது டாலருக்கும் மேல். அப்போது இருபத்தைந்து சதவீதம் கூடுதல் என்றால் புதையல். இன்று பேனல்தான் அந்தக் கூட்டத்தில் மலிவான பொருள். இரும்பும் கான்கிரீட்டும் ஆள் கூலியும் அதை முந்திவிட்டன. நாலு பேனல் இருக்கும் இடத்தில் ஐந்தாவதாக ஒன்றை வாங்கிச் சும்மா கிடத்தினால் டிராக்கர் தரும் அதே இருபத்தைந்து சதவீதம் வந்துவிடும். அசையும் பாகம் எதுவும் இல்லை, எண்ணெய் போட வேண்டாம். வீட்டு மாடிக்கு இதுவே சரியான பதில் என்றுதான் நினைக்கிறேன். பம்புக்குப் பதில் வேறு. ஐந்தாவது பேனல் நண்பகலில்தான் அதிகம் தரும், அப்போது மோட்டாருக்கு ஏற்கெனவே வயிறு நிறைந்திருக்கும். பம்பு கேட்பது காலை எட்டரையிலும் மாலை நாலிலும் உள்ள வெயிலை. அதற்கு மலிவான இடைவழி ஒன்று இருக்கிறது: கூடுதல் பேனல்களை வாங்கி, பாதியைக் கிழக்கே சாய்த்தும் பாதியை மேற்கே சாய்த்தும் நிரந்தரமாகப் பொருத்திவிடுவது. நண்பகல் உச்சம் தணிந்து, இரண்டு ஓரமும் உயரும். இடம் தாராளமாக இருக்கும் தோப்புக்காரருக்கு அது போதும். இடமோ பணமோ குறைவாகவும், தோட்டத்தில் நாள் முழுக்க ஆள் இருக்கும்படியாகவும் உள்ளவருக்குக் கீலும் இரண்டு முளைத் துளையும் போதும்.

கீல் வைப்பவர்கள் குழாயைச் சரியான வடக்கு தெற்கில் கிடத்த ஒரு வழி. செல்போன் திசைகாட்டி இந்தப் பகுதியில் ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் பொய் சொல்லாது, ஆனால் பக்கத்தில் இரும்பு கிடந்தால் உளறும்; டிராக்கர் செய்யும் இடத்தில் இரும்பு கிடக்காமல் எங்கே போகும்? எனவே ஒரு நேரான கம்பியைத் தூக்குக்குண்டு பார்த்துச் செங்குத்தாக நட்டு, அன்றைய உச்சிப் பொழுதில் அதன் நிழல் விழும் கோட்டைத் தரையில் கீறிக்கொள்ளலாம். அந்தக் கோடுதான் வடக்கு தெற்கு. தை, மாசியில் செய்தால் நிழல் நீளமாக விழும், கோடும் துல்லியமாக வரும். சித்திரைப் பிறப்பை ஒட்டிய வாரத்தில் மட்டும் இந்த வேலைக்கு இறங்க வேண்டாம். கீறுவதற்கு நிழலே இருக்காது.